சிறிய வக்கீல் அலுவலகமும் பண ஓட்டமும்

நமது சங்கக் குடும்பங்களில் சட்டம் படித்த பிள்ளைகள் இப்போது நிறையப் பேர் இருக்கிறார்கள். பாலக்காடு, சித்தூர், கொழிஞ்சாம்பாறை பக்கத்திலும், இடுக்கி மாவட்டத்தில் தேவிகுளம், பீர்மேடு பக்கத்திலும் தமிழ் பேசும் கட்சிக்காரர்களுக்குத் தமிழிலேயே விளக்கம் சொல்லும் வக்கீல்கள் தேவைப்படுகிறார்கள். ஆனால் பிள்ளைகள் ஆசையோடு தனி அலுவலகம் தொடங்கிய மூன்றாம் நான்காம் வருடத்தில் அதை மூடிவிட்டு வேறு உத்தியோகம் தேடிப் போவதையும் பார்க்கிறோம். கேட்டால், "கேஸ் இருந்தது, காசு இல்லை" என்பார்கள். இந்தக் கட்டுரை அதைப் பற்றியதுதான்.

நான் வக்கீல் அல்ல. சிவில் டிப்ளமா படித்து, ரயில்வேயில் பாலமும் கட்டடமும் பார்த்து ஓய்வு பெற்றவன். என் மருமகள் தன் தோழியுடன் சேர்ந்து பாலக்காட்டில் ஒரு சிறு வக்கீல் அலுவலகம் நடத்துகிறாள். என் அக்கா மகன் தேவிகுளத்தில் தனியாகப் பிராக்டீஸ் செய்கிறான். இரண்டு இடத்துக் கணக்கையும் சில ஆண்டுகளாக நான் பார்த்து வருகிறேன். வக்கீல் அல்லாதவருடன் வருமானத்தைப் பங்கிட்டுக் கொள்ளும் ஏற்பாடு கூடாது என்பது பார் கவுன்சில் விதி. ஆகையால் நான் பங்குதாரன் அல்ல, வெறும் கணக்குப்பிள்ளை. அந்த இடத்திலிருந்து தெரிந்துகொண்டவற்றை எழுதுகிறேன்.

1. வருமானம் வேறு, கையிருப்பு வேறு

நான் வேலையில் சேர்ந்த காலத்தில் நீராவி இன்ஜின்கள் இன்னும் ஓடிக்கொண்டிருந்தன. ஷெட்டுகளில் உயரமான தண்ணீர்த் தொட்டி இருக்கும். வருடம் முழுவதும் கிணற்றில் ஊறும் தண்ணீர் போதுமா என்பது ஒரு கேள்வி. நாளைக் காலை இன்ஜின் வந்து நிற்கும்போது தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்பது வேறு கேள்வி. இந்த இரண்டாவது கேள்விக்குப் பெயர்தான் பண ஓட்டம். படித்தவர்கள் 'கேஷ் ஃப்ளோ' என்பார்கள்.

ஒரு மாதிரிக் கணக்குப் பார்ப்போம். இரண்டு வக்கீல், ஒரு ஜூனியர், ஒரு குமாஸ்தா உள்ள அலுவலகம். மாதச் செலவு: வாடகை 12,000, குமாஸ்தா சம்பளம் 18,000, ஜூனியருக்கு 15,000, மின்சாரம், போன், பிரின்டிங் 7,000, பிரயாணம் 8,000, புத்தகம் முதலியன 2,000. ஆக 62,000 ரூபாய். இரு வக்கீல்களும் வீட்டுச் செலவுக்கு ஆளுக்கு 35,000 எடுத்தால் மொத்தம் 1,32,000. ஜூனியருக்கு இது அதிகம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. கிராமப்புறத்தில் மாதம் 15,000, நகரத்தில் 20,000 ரூபாயாவது கொடுக்க வேண்டும் என்று பார் கவுன்சில் ஆஃப் இந்தியா 2024 அக்டோபரில் பரிந்துரை செய்திருக்கிறது.

மார்ச் முதல் ஜூன் வரை நான்கு மாதத்தில் இவர்கள் செய்த வேலைக்கான ஃபீஸ் 6 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். செலவு 5,28,000. ஏட்டின்படி 72,000 ரூபாய் மிச்சம். ஆனால் கையில் வந்தது மார்ச்சில் 2,20,000, ஏப்ரலில் 90,000, மேயில் 60,000, ஜூனில் 1,40,000. மொத்தம் 5,10,000தான். மீதி 90,000 பாக்கி. மார்ச் தொடக்கத்தில் 50,000 கையிருப்பு இருந்தது என்றால், மார்ச் முடிவில் 1,38,000, ஏப்ரல் முடிவில் 96,000, மே முடிவில் 24,000 இருக்கும். ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கிறது. பிள்ளைகளின் ஃபீஸ், புத்தகம் என்று கூடுதலாக 40,000 எடுக்கிறார்கள். ஜூன் முடிவில் கையிருப்பு 8,000 ரூபாய் குறைவு. செலவு எதுவும் ஊதாரித்தனமில்லை, வேலையும் குறைவில்லை. அப்படியும் குமாஸ்தாவுக்குச் சம்பளம் கொடுக்கப் பணம் போதவில்லை.

2. அதே மேஜையில் இருக்கும் இன்னொரு பணம்

மளிகைக் கடைக்காரருக்கு இப்படி ஆனால் கடன் வாங்குவார், அல்லது சரக்கைக் குறைப்பார். வக்கீல் அலுவலகத்தில் ஒரு விசேஷம் உண்டு. கையிருப்பு இல்லாத அதே நாளில், அதே பீரோவில், கட்சிக்காரர்கள் கோர்ட் ஃபீஸுக்கும் கமிஷன் செலவுக்கும் கொடுத்த 75,000 ரூபாய் இருக்கும். "பத்து நாளில் போட்டுவிடலாம்" என்ற எண்ணம் வருவது இங்கேதான்.

எனக்குத் தெரிந்த ஒரு விஷயத்தைச் சொல்கிறேன். ஊரும் பேரும் வேண்டாம். தேயிலைத் தோட்டத்து லயத்தில் வசித்த ஒரு விதவைத் தாயார், கணவர் வாங்கிய சிறு நிலத்துக்காக வழக்குப் போட்டார். கேரளச் சட்டப்படி பிராது கொடுக்கும்போது கோர்ட் ஃபீஸில் ஒரு பங்கைக் கட்டினால் போதும். வழக்கின் பிரச்சினைகளைக் கோர்ட் வகுத்தபின், அதாவது இஷ்யூ ஃபிரேம் ஆனபின், 15 நாளுக்குள் மீதியைக் கட்ட வேண்டும். அந்த மீதியை அந்த அம்மாள் போனஸ் பணத்திலிருந்து முன்கூட்டியே வக்கீலிடம் கொடுத்திருந்தார். வக்கீல் கெட்டவர் அல்லர். அந்த மாதம் ஆபீஸ் வாடகைக்கும் சம்பளத்துக்கும் அது போய்விட்டது. வரவேண்டிய வேறொரு ஃபீஸ் வரவில்லை. கெடு தாண்டியது, பிராது தள்ளுபடியாயிற்று. அதன் பிறகு என் அக்கா மகன் அந்த வழக்கை எடுத்து, மனுப் போட்டு, காரணம் சொல்லி, வழக்குக்கு மீண்டும் உயிர் கொடுக்க ஒன்றரை வருடம் பிடித்தது. அந்த அம்மாள் மலையிறங்கி வந்த நாட்களின் கூலி எந்தக் கணக்கிலும் வரவில்லை.

ஆகவே வக்கீல் அலுவலகத்துப் பண ஓட்டப் பாடம் முழுவதையும் ஒரே வாக்கியத்தில் சொல்லலாம்: எந்த நெருக்கடியிலும் கட்சிக்காரர் பணத்தின் மேல் கை போகாதபடி உங்கள் பணத்தை ஒழுங்கு செய்துகொள்ளுங்கள். மற்றவை எல்லாம் அதற்கான வழிகளே.

3. விதி என்ன சொல்கிறது?

பார் கவுன்சில் ஆஃப் இந்தியாவின் நடத்தை விதிகளில் 25 முதல் 32 வரை உள்ளவை பணம் பற்றியவை. சாரத்தைத் தருகிறேன்.

கட்சிக்காரர் ஒப்படைத்த பணத்துக்குக் கணக்கு வைக்க வேண்டும். வந்தது, அவருக்காகச் செலவானது, ஃபீஸாக எடுத்தது ஆகிய மூன்றும் தேதியோடு இருக்க வேண்டும். வாங்கும்போதே இது ஃபீஸா, செலவுக்கா என்று எழுத வேண்டும். வழக்கு நடக்கும்போது செலவுக்காக வந்த பணத்தில் ஒரு பகுதியைக்கூடக் கட்சிக்காரரின் எழுத்து மூலமான சம்மதம் இல்லாமல் ஃபீஸுக்கு மாற்றக் கூடாது. கட்சிக்காரருக்காக வேறெங்கிருந்தாவது பணம் வந்தால் தாமதமின்றி அவருக்குத் தெரிவிக்க வேண்டும். அவர் கேட்டால், நகல் செலவைப் பெற்றுக்கொண்டு கணக்கின் நகல் தர வேண்டும். கையிலுள்ள அவர் பணத்தைக் கடனாக மாற்றிக்கொள்ளும் ஏற்பாடு கூடாது. வழக்கு நடத்த அவருக்கு வக்கீல் கடன் கொடுப்பதும் கூடாது.

மீறினால் 1961-ஆம் ஆண்டு வக்கீல்கள் சட்டத்தின் 35-வது பிரிவு இருக்கிறது. கண்டனம், தற்காலிகத் தடை, பட்டியலிலிருந்தே பெயர் நீக்கம் வரை தண்டனை உண்டு. இங்கிலாந்தில் சாலிசிட்டர்கள் கட்சிக்காரர் பணத்தைத் தனி வங்கிக் கணக்கில் வைக்க வேண்டும் என்ற விதி 1935-லேயே வந்துவிட்டது. நம் விதி தனிக் கணக்கேடு கேட்கிறது. நான் தனி வங்கிக் கணக்கே வேண்டும் என்பேன்.

ரயில்வேக்காரர்களுக்கு இது புதிதல்ல. நம்மிடம் 'டெபாசிட் வொர்க்' என்று ஒன்று உண்டு. வேறொரு இலாகாவோ கம்பெனியோ தனக்காக ஒரு பாலமோ சைடிங்கோ கட்டித் தரச் சொன்னால், மதிப்பீட்டுத் தொகையை முன்பணமாகக் கட்டும். அது ரயில்வேயின் வருமானம் அல்ல. தனியாகக் கணக்கெழுதி, வேலை முடிந்ததும் மிச்சத்தைத் திருப்பித் தருவோம். கட்சிக்காரரின் செலவுப் பணமும் டெபாசிட் வொர்க்தான்.

நடைமுறையில் நாங்கள் செய்வது இது. இரண்டு வங்கிக் கணக்கு, இரண்டு நிற ரசீது. ஃபீஸுக்கு வெள்ளை ரசீது, செலவுப் பணத்துக்கு மஞ்சள் ரசீது. போன் வழியாகப் பணம் அனுப்புகிறவருக்கும் எந்தக் கணக்குக்கு எது என்று முதலிலேயே எழுதிக் கொடுத்துவிடுகிறோம். கோர்ட் ஃபீஸை இப்போது இணையம் வழியாகவே கட்ட முடிவதால், பெரிய தொகையானால் கட்சிக்காரரை உடன் வைத்துக்கொண்டு அவர் கணக்கிலிருந்தே கட்டச் செய்கிறோம். நம் கைக்கு வராத பணத்தில் நமக்கு ஆசையும் வராது.

4. அளவுப் புத்தகமும் கட்ட ஃபீஸும்

பாலம் கட்டும் காண்டிராக்டருக்குப் பாலம் முழுவதும் முடிந்த பிறகுதான் பணம் என்றால் எவரும் டெண்டர் போட மாட்டார்கள். அஸ்திவாரம் முடிந்ததும் அளந்து, அளவுப் புத்தகத்தில் எழுதி, அந்த அளவுக்கு 'ரன்னிங் பில்' கொடுப்போம். சிவில் வழக்குகள் பல வருடம் நடப்பவை. அதற்கும் இதே முறை பொருந்தும்.

ஒரு சொத்து வழக்குக்கு மொத்த ஃபீஸ் 40,000 என்று பேசியிருந்தால், வக்காலத்தும் பிராதும் கொடுக்கும்போது 10,000, எதிர்த் தரப்புப் பதில் வந்து பிரச்சினைகள் வகுத்ததும் 8,000, பத்திரங்கள் தாக்கல் செய்து பட்டியலில் வரும்போது 6,000, சாட்சி விசாரணையில் 10,000, வாதம் முடிந்ததும் 6,000 என்று பிரித்து எழுதிக் கையெழுத்து வாங்குகிறோம். இதில் இரண்டு நன்மை. அலுவலகத்துக்கு வேலையோடு பணமும் நகர்கிறது. கட்சிக்காரருக்கும் அடுத்து எப்போது எவ்வளவு என்று தெரிந்துவிடுகிறது. நம் மக்கள் பணம் கொடுக்கத் தயங்குவதைவிட, எவ்வளவு என்று கேட்கத் தயங்குவதுதான் அதிகம்.

'ஜெயித்தால் இத்தனை சதவீதம்' என்ற பேச்சு மட்டும் வேண்டாம். வழக்கின் முடிவைப் பொறுத்து ஃபீஸ் பேசுவதையும், கிடைப்பதில் பங்கு கேட்பதையும் 20-வது விதி தடுக்கிறது. விபத்து நஷ்டஈட்டு வழக்குகளில்தான் இந்தப் பேச்சு அதிகம் கேட்கும். பண ஓட்டத்தைப் பார்த்தாலும் அது நல்லதல்ல. நஷ்டஈட்டை உரியவரின் வங்கிக் கணக்கிலேயே நேராகச் செலுத்தும் முறையை உச்ச நீதிமன்றம் 2025 மார்ச்சில் வற்புறுத்தியிருக்கிறது. செக் நம் கை வழியாகப் போகும் என்று நம்பிக் கணக்குப் போட முடியாது.

5. எல்லைப் பகுதிக்கென்று சில செலவுகள்

நம் பக்கத்து வழக்குகளில் மதிப்பீட்டில் விட்டுப்போகும் செலவுகள் சில உண்டு. பழைய பத்திரம் தமிழில் இருக்கும். கோர்ட்டுக்கு மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ மொழிபெயர்ப்பு வேண்டும். சொத்து இந்தப் பக்கம், வாரிசுகள் பொள்ளாச்சியிலோ போடியிலோ இருப்பார்கள். அந்தப் பக்கத்து வில்லங்கச் சான்றும் வாரிசுச் சான்றும் வாங்க ஆள் போக வேண்டும். தேவிகுளத்து வழக்கில் அப்பீல் என்றால் தொடுபுழைக்கு அருகே முட்டத்திலுள்ள மாவட்டக் கோர்ட்டுக்கோ, எர்ணாகுளத்து ஹைகோர்ட்டுக்கோ மலையிறங்க வேண்டும். மூணாறிலிருந்து எர்ணாகுளம் சுமார் 130 கிலோமீட்டர். இவற்றை 'இதர செலவு' என்று ஒரே வரியில் போடாமல் தனித்தனியாக முதல் நாளே எழுதிச் சொல்லிவிட வேண்டும். குமாஸ்தா கையில் 5,000 ரூபாய் நிலைப்பணம் கொடுத்து, வவுச்சர் கொண்டுவந்தால் அந்த அளவுக்கு நிரப்பித் தருவது நல்லது. ரயில்வேயில் இதை 'இம்ப்ரெஸ்ட்' என்போம்.

6. பருவம் அறிதல்

பணத்துக்கும் மழை போலப் பருவம் உண்டு. கேரளத்தில் சிவில் கோர்ட்டுகளுக்கு ஏப்ரல் நடுவிலிருந்து மே நடுவரை சுமார் ஒரு மாதம் கோடை விடுமுறை. ஓணத்துக்கும் கிறிஸ்துமஸுக்கும் பத்து நாள் வாக்கில் விடுமுறை. வேலை நின்றால் கட்ட ஃபீஸும் நிற்கும், வாடகை நிற்காது.

கட்சிக்காரர் கையில் எப்போது பணம் புரளும் என்பதையும் கவனிக்க வேண்டும். பாலக்காட்டு நெல் விவசாயிக்கு முதல் போக அறுவடை செப்டம்பர்-அக்டோபரில், இரண்டாம் போகம் பிப்ரவரி-மார்ச்சில். ஆனால் அறுவடை நாளும் பணம் வரும் நாளும் ஒன்றல்ல. சப்ளைகோவுக்கு நெல் கொடுத்தவர்களுக்கு ரசீது கிடைத்தும், வங்கியில் பணம் வரப் பல பருவங்களில் தாமதமாகியிருக்கிறது. ஏலக்காய்க்காரருக்கு ஜூலை-ஆகஸ்டிலிருந்து ஜனவரி-பிப்ரவரி வரை பறிப்பு. புற்றடியிலோ போடிநாயக்கனூரிலோ ஏலத்தில் விற்ற பிறகே கையில் காசு. தேயிலைத் தோட்டத் தொழிலாளிக்கு ஓணத்தை ஒட்டிய போனஸ்தான் வருடத்தின் பெரிய தொகை. 2015 செப்டம்பரில் மூணாறில் பெண் தொழிலாளர்கள் போனஸ் குறைந்ததற்காகத் தெருவில் உட்கார்ந்து, 8.33 சதவீத போனஸும் 11.67 சதவீதம் கூடுதல் தொகையுமாக மொத்தம் 20 சதவீதம் பெற்றார்கள். அந்தத் தொகை ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு முக்கியம் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

என் அக்கா மகனிடம் நான் சொன்னேன்: "போனஸ் வாங்கின அன்னிக்கே மொத்தமாக் கேக்காதே. அவங்களுக்குப் பிள்ளை ஃபீஸும் கடன் பாக்கியும் இருக்கும்." அவன், "அப்போ எப்ப மாமா கேக்கறது?" என்றான். இப்போது அங்கே ஒவ்வொரு கட்சிக்காரருக்கும் ரேஷன் அட்டை போல ஒரு சிறு அட்டை. மாதம் 300, 500 என்று முடிந்ததைக் கட்டுவார்கள். வந்த தொகை, பாக்கி, தேதி ஆகியவற்றைத் தமிழில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறான். சிறு துளியானாலும் மாதாமாதம் வருகிறது. வாடகைக்கு அதை நம்பலாம்.

7. கையிருப்பு நிதி

அலுவலகச் செலவு மாதம் 62,000 என்றால் மூன்று மாதத்துக்கு 1,86,000. இந்தத் தொகை தனியாக இருக்கும்வரை வீட்டுக்கு எடுப்பதைக் கூட்டக் கூடாது. ஒரே நாளில் சேர்க்க முடியாது. ஃபீஸாக வரும் ஒவ்வொரு 1,000 ரூபாயிலும் 100-ஐ ஒதுக்கினால், மாதம் ஒன்றரை லட்சம் வரும் அலுவலகத்தில் ஒரு வருடம் சற்றுக் கூடும்போது சேர்ந்துவிடும். 1969-இல் தொடங்கிய கே.எஸ்.எஃப்.இ.யின் சிட்டியில் சேர்ந்து சேமிப்பவர்களும் நம்மில் உண்டு. நல்லதுதான். ஆனால் சிட்டித் தவணையும் ஒரு நிலையான செலவு என்பதை மறக்கக் கூடாது. முதலில் கையிருப்பு, பிறகு சிட்டி.

8. வராத பாக்கி

பாக்கி வராவிட்டால் கட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளலாமா என்று இளம் வக்கீல்கள் கேட்பதுண்டு. கூடாது. மத்தியப் பிரதேச மாநிலக் கூட்டுறவு வங்கியின் சட்ட ஆலோசகராக இருந்த ஒரு வக்கீலை 1993-இல் வங்கி நிறுத்தியது. அவர் 97,100 ரூபாய் பில் அனுப்பி, பணம் வரும்வரை கோப்புகளைத் தர மாட்டேன் என்றார். பார் கவுன்சில் 18 மாதம் தொழில் தடையும் 1,000 ரூபாய் அபராதமும் விதித்தது. உச்ச நீதிமன்றம் 2000 ஆகஸ்டில், நம் கோட்டயத்துக்காரரான நீதிபதி கே.டி. தாமஸ் எழுதிய தீர்ப்பில், தண்டனையைக் கண்டனமாகக் குறைத்தது. ஆனால் கொள்கையைத் தெளிவாகச் சொல்லிவிட்டது: ஃபீஸ் பாக்கிக்காக வழக்குக் கட்டைப் பிடித்து வைக்க வக்கீலுக்கு உரிமை இல்லை, ஃபீஸுக்கு வேறு சட்ட வழிகளில்தான் போக வேண்டும்.

ஆகவே பாக்கி பெரிதாகும் முன்பே கவனிப்பதுதான் வழி. மாதக் கடைசியில் பாக்கிகளை 30 நாள், 60 நாள், 90 நாளுக்கு மேல் என்று மூன்று பத்தியாக எழுதுங்கள். 30 நாளுக்குக் குமாஸ்தா ஞாபகப்படுத்தட்டும். 60 நாளுக்கு வக்கீலே மரியாதையாகப் பேச வேண்டும். 90 தாண்டினால் தவணை எழுதிக்கொள்ள வேண்டும். உண்மையிலேயே முடியாதவர் என்றால் இலவசச் சட்ட உதவிக்குத் தாலுகா சட்டப்பணிக் குழுவுக்கு வழிகாட்டலாம். இலவசமாக நடத்துவது என்று முடிவு செய்தால் அதையும் எழுதி வையுங்கள். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பார்கள் அல்லவா?

9. வரிக்கென்று ஒதுக்குதல்

வங்கி, கம்பெனி போன்ற கட்சிக்காரர்கள், வருடத்துக்கு 50,000 ரூபாய்க்கு மேல் ஃபீஸ் கொடுத்தால் 10 சதவீதம் பிடித்துக்கொண்டு தருவார்கள். 60,000 பில்லுக்கு 54,000தான் கையில் வரும். மீதி 6,000 வரிக்கணக்கில் வரவாகும், ஆனால் இந்த மாதச் சம்பளத்துக்கு உதவாது. ஜி.எஸ்.டி.யில் வக்கீல் சேவைக்கான வரியை வியாபாரக் கட்சிக்காரரே நேராகக் கட்டும் முறை இருப்பதால் அந்தச் சுமை அலுவலகத்துக்கு இல்லை. மொத்த வரவு 50 லட்சத்துக்குள் இருந்தால் அதில் பாதியையே வருமானமாகக் காட்டும் எளிய முறை வக்கீல்களுக்கு உண்டு. அப்படிக் காட்டுகிறவர்கள் முன்வரியை மார்ச் 15-க்குள் ஒரே தவணையில் கட்டலாம். கவனியுங்கள், அடுத்த மாதமே கோர்ட் விடுமுறை. மார்ச்சில் வரும் பெரிய தொகையைக் கண்டு மகிழ்ந்துவிடாமல் வரிக்கும் விடுமுறைக்கும் அப்போதே பிரித்து வைக்க வேண்டும்.

10. சனிக்கிழமை அரை மணி நேரம்

இவ்வளவுக்கும் கம்ப்யூட்டர் புரோகிராம் எதுவும் வேண்டாம். ஒரு நீளமான நோட்டுப் புத்தகம் போதும். வாரம் ஒருநாள் அரை மணி நேரம் உட்கார்ந்து நான்கு தொகைகளை எழுதுங்கள்: இன்று நம் கணக்கில் உள்ளது, கட்சிக்காரர் கணக்கில் உள்ளது, அடுத்த எட்டு வாரத்தில் நிச்சயமாக வரக்கூடியது, அதே எட்டு வாரத்தில் கட்டாயம் போகக்கூடியது. கட்சிக்காரர் கணக்கிலுள்ள தொகை, ஒவ்வொரு கட்சிக்காரர் பேரிலும் எழுதிய மஞ்சள் ரசீது இருப்புகளின் கூட்டுத்தொகைக்கு ஒரு ரூபாய்கூட வித்தியாசமில்லாமல் சரியாக வர வேண்டும். வராவிட்டால் அன்றே கண்டுபிடித்துவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும். எட்டு வாரத்துக்குள் குறைவு வரும் என்று தெரிந்தால், வீட்டுக்கு எடுப்பதைக் குறைக்கவும், பாக்கிகளைக் கேட்கவும், வங்கியில் முறையான கடன் பேசவும் இன்னும் நேரம் இருக்கும். கடைசி நாளில் தெரிந்தால் பீரோவைத் திறக்கத்தான் தோன்றும்.

வக்கீல் தொழிலில் விளம்பரம் செய்யத் தடை உண்டு. கட்சிக்காரர் வாய்மொழிதான் நம் பெயரை எடுத்துச் செல்கிறது. எஸ்டேட் லயத்திலும் சித்தூர்க் களத்திலும் "அங்கே கொடுத்த காசுக்குக் கணக்கு இருக்கும்" என்று நாலு பேர் சொன்னால் போதும், அந்த அலுவலகத்துக்கு வேலை வந்துகொண்டே இருக்கும். சங்கத்து இளம் வக்கீல்கள் யாராவது மாதிரிப் பட்டியலும் கட்ட ஃபீஸ் படிவமும் வேண்டுமென்றால் சங்க அலுவலகத்தில் சொல்லி வையுங்கள், நகல் எடுத்துத் தருகிறேன்.